கைதட்டியவர்களும் கணக்குக் கொடுக்க வேண்டும்

படூரில் எங்கள் வீட்டு மாடியில் கல்லூரி மாணவர் நால்வர் குடியிருக்கின்றனர். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய ஊர்களில் மாடி கட்டியவர் பலருக்கும் இன்று இத்தகைய குடித்தனக்காரர் உண்டு. நல்ல பிள்ளைகள், வாடகையைத் தாமதிப்பதில்லை, எதிரே கண்டால் நின்று வணக்கம் சொல்வார்கள். அண்மையில் ஓர் இரவு மாடியில் பெருங்கூச்சல் எழுந்தது. சண்டையோ என்று அஞ்சி ஏறிப் போனேன். சண்டைதான்; ஆனால் ஒரு கதையைப் பற்றிய சண்டை. மடிக்கணினியில் ஒரு ஜப்பானிய அசைபடத் தொடரின் கடைசிப் பகுதியை அப்போதுதான் பார்த்து முடித்திருந்தார்கள்.

“சுட்டிருப்பான் சார். சுடாம எப்படி விடுவான்?” என்றான் ஒருவன். “கூட இருந்து பழகினவன்டா, சுட்டிருக்க மாட்டான்” என்றான் மற்றொருவன். மூன்றாமவன் இருவரையும் மறுத்தான்: “அவன் வந்த வேலை முடிஞ்சுது. லிஸ்ட்ல இருந்தவன் எல்லாம் காலி. அப்புறம் அவன் இருந்தா என்ன, செத்தா என்ன?”

இந்த மூன்றாவது பதில் என்னைத் தூங்கவிடவில்லை. அவர்களிடமே கேட்டுப் பெற்று, அத்தொடரின் பன்னிரண்டு பகுதிகளையும் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவனுக்கு இது ஏன் என்று வீட்டில் சிரித்தார்கள். பார்த்தது வீண்போகவில்லை.

‘91 டேஸ்’ என்பது தொடரின் பெயர். 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்த காலத்துக் கதை. கள்ளச்சாராயத்தால் கொழுத்த குற்றக் குடும்பங்கள் ஓர் ஊரையே ஆள்கின்றன. ஆஞ்செலோ என்ற சிறுவனின் கண்முன்னே தந்தையும் தாயும் தம்பியும் கொல்லப்படுகின்றனர். ஏழு ஆண்டுகளுக்குப் பின் அவனுக்குப் பெயரில்லாத கடிதம் ஒன்று வருகிறது. கொன்றவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. பெயரை மாற்றிக்கொண்டு அந்தக் குற்றக் குடும்பத்துக்குள் நுழைகிறான். தலைவனின் மகன் நேரோவுக்கு உற்ற நண்பனாகிறான். பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராகச் சாகடிக்கிறான். இடையிலே கோர்த்தேயோ என்று ஒருவன் வருகிறான். அனாதையான ஆஞ்செலோவைச் சிறு வயதிலிருந்து உடன்பிறந்தவனைப் போல் நேசித்த ஒரே உயிர் அவன். பழி நிறைவேறவேண்டுமே என்று, அவனையும் ஆஞ்செலோ தன் கையாலேயே சுடுகிறான். முடிவில் நேரோவும் ஆஞ்செலோவும் கடற்கரையில் நடந்து போகிறார்கள். வெடிச்சத்தம் ஒன்று கேட்கிறது. யார் மீதாவது பாய்ந்ததா என்று காட்டாமலே கதை முடிகிறது.

அடுத்த வாரம் மாடிக்குப் போய், “கோர்த்தேயோவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே, தம்பி?” என்று கேட்டேன். “பாவந்தான் சார். ஆனா கதைக்கு அவன் சாகணும்” என்று பதில் வந்தது. “சரி, அந்தக் கடிதத்தை எழுதியவன் யார் என்று நினைவிருக்கிறதா?” என்றேன். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு ஒருவனுக்கு நினைவு வந்தது. கடிதத்தை எழுதியவன் கான்சோ என்பவன். கொலை நடந்த இரவில் கொலையாளிகளோடு அந்த வீட்டுக்கு வந்தவர்களுள் அவனும் ஒருவன். தன் தலைவனைக் கவிழ்த்து அதிகாரத்தைப் பிடிக்க அவனுக்கு ஓர் ஆயுதம் தேவைப்பட்டது. ஓர் அனாதையின் கோபத்தை அந்த ஆயுதமாக எடுத்துக்கொண்டான்.

அன்பு வாசகரே, இந்தத் தொடரை எடுத்தவர்கள் பழியைப் போற்றவில்லை. பழியின் விலை என்ன, அதைத் தூண்டிவிட்டு ஆதாயம் பெறுபவன் யார் என்று தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள். ஆனால் பார்த்தவர்கள் பட்டியலை எண்ணினார்கள். இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். கோர்த்தேயோவைக் கதையின் செலவுக் கணக்கில் எழுதிவிட்டார்கள். குறை படைப்பில் இல்லை, பார்வையில் இருக்கிறது. அந்தப் பார்வை ஜப்பானிலிருந்து வந்ததன்று. நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. ஆகவே இளைஞரைப் பழித்துவிட்டு நல்ல பிள்ளைகளாக ஒதுங்கிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

என்னையே முதலில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறேன். 1985இல் ‘நான் சிகப்பு மனிதன்’ வந்தது. தங்கையைப் பறிகொடுத்த ஆசிரியர் துப்பாக்கி ஏந்தித் தீயவர்களைத் தேடித்தேடிச் சுடுவார். செங்கல்பட்டில் ஒரு திரையரங்கில் அதைப் பார்த்த இளைஞன் நான். ஒவ்வொரு குண்டுக்கும் எழுந்து நின்று கைதட்டினேன். கைகள் சிவக்கத் தட்டினேன். அதற்கு முன்பே 1981இல் ‘சட்டம் ஒரு இருட்டறை’ அந்தப் பாடத்தைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டிருந்தது. 1996இல் ‘இந்தியன்’ வந்தது. லஞ்சம் வாங்கியவரை வர்மக்கலையால் கொல்லும் முதியவரைத் தாத்தா என்று உறவு சொல்லிக் கொண்டாடினோம். 2005இல் ‘அந்நியன்’ வந்தது. கருட புராணத்துத் தண்டனைகளைத் தெருவிலே கண்டு மகிழ்ந்தோம். நடிகர் மாறினர், ஆயுதம் மாறியது, நம் கைதட்டல் மட்டும் மாறவேயில்லை.

இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். இரண்டையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

முதலாவது: “கதைதானே! பார்த்துவிட்டு மறந்துவிடுகிறோம்.” உண்மையிலேயே மறந்துவிடுகிறோமா?

2019 நவம்பர் இறுதியில் ஐதராபாத்தின் புறநகரில் ஓர் இளம் கால்நடை மருத்துவர் கொடூரமாகச் சிதைத்துக் கொல்லப்பட்டார். நாடே பதறியது, பதறாதவன் மனிதன் அல்லன். நால்வர் கைதாயினர். டிசம்பர் 6ஆம் நாள் விடிவதற்குள், காவலர் பொறுப்பில் இருந்த அந்த நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். தப்ப முயன்றார்கள், துப்பாக்கியைப் பறித்தார்கள் என்றது காவல்துறை. அந்த இடத்தில் கூடிய மக்கள் காவலர்மீது மலர் தூவினர், தோளில் தூக்கி ஆடினர், இனிப்பு வழங்கினர். திரையரங்கின் கடைசிக் காட்சி அப்படியே சாலையில் நடந்தது. அன்று அந்தக் காட்சியைக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தவர்களில் நம் பங்குகளைச் சேர்ந்தவர் இல்லை என்று யாராலும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலிலே நின்று, “நல்ல வேலை செய்தார்கள்” என்று பேசியதை என் காதாலேயே கேட்டேன்.

உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் விசாரித்தது. அதன் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. சொல்லப்பட்ட கதையை நம்ப இயலாது, கொல்லும் நோக்கத்தோடு திட்டமிட்டே சுட்டிருக்கிறார்கள் என்று ஆணையம் கண்டது. பத்துக் காவலர்கள் மீது கொலைவழக்கு நடத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. கொல்லப்பட்ட நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டது. நால்வரும் அந்தக் கொடுமையைச் செய்தவர்களா? எந்த நீதிமன்றமும் அதை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லவில்லை. இனிமேல் சொல்லவும் முடியாது. கொல்லப்பட்ட பெண்ணுக்கு உரிய உண்மையையும் சேர்த்தே அன்று சுட்டுப் புதைத்துவிட்டார்கள். நாமோ மலர் தூவினோம்.

ஏழு மாதம்கூடக் கழியவில்லை. 2020 ஜூன் மாதம், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்சும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். அங்கே இரவெல்லாம் அடிக்கப்பட்டு, சிறைக்கு அனுப்பப்பட்டு, மகன் 22ஆம் நாளும் தந்தை 23ஆம் நாளும் உயிரிழந்தனர். அப்போது நாம் அழுதோம். நம் சமயத்தவர், நம் மக்கள் என்று கூடுதலாகவே அழுதோம். மெழுகுதிரி ஏற்றினோம். நீதி வேண்டும் என்று முழங்கினோம்.

முழங்கியது சரி. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். டிசம்பரில் தூக்கிக் கொண்டாடிய கையும் ஜூனில் சபித்த கையும் வேறு வேறு கைகளா? விசாரணை இன்றித் தண்டிக்கலாம் என்ற உரிமையைக் காவலரின் கையில் மாலை சூட்டி ஒப்படைத்தவர்கள், அந்தக் கை நம் வீட்டுப் பிள்ளைமீது விழும்போது மட்டும் சட்டம் எங்கே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? லத்திக்கு நல்லவன் தீயவன் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நீதிமன்றம் இருக்கிறது.

சாத்தான்குளத்தில் சட்டத்தின் பக்கம் நின்ற ஒருவரை நாம் மறந்துவிடக் கூடாது. அதே காவல் நிலையத்தில் பணிபுரிந்த ரேவதி என்ற பெண் தலைமைக் காவலர், தாம் கண்டதை நீதித்துறை நடுவரிடம் சாட்சியமாகச் சொன்னார். அவர் துப்பாக்கி ஏந்தவில்லை. எவரையும் பழிதீர்க்கவில்லை. அச்சத்தோடு உண்மையைச் சொன்னார். நம் திரைக்கதைகளில் இத்தகையவருக்கு எத்தனை முறை கைதட்டியிருக்கிறோம்?

அந்த நாள்களில் இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். ‘சாமி’, ‘சிங்கம்’ வரிசைகளில் காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்களை எடுத்தவர் அவர். அவற்றை எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார். சிலர் நையாண்டி செய்தனர். நான் தலைவணங்குகிறேன். எடுத்தவர் தம் கணக்கை ஒப்புக்கொண்டார். சீட்டு வாங்கிக் கைதட்டிய நாம்? ஒருவரேனும் “நானும் கைதட்டினேன், அதற்காக வருந்துகிறேன்” என்று சொன்னோமா? பாவசங்கீர்த்தனத்துக்கு முன் மனச்சோதனை செய்யக் கற்றவர்கள் நாம். அதில் இந்தக் கேள்விக்கு ஓர் இடம் கிடைத்ததுண்டா?

இரண்டாவது பதில் இதைவிட வலிமையானது. “சட்டத்தின் கதவு திறக்காதபோது ஏழை என்ன செய்வான்? பத்தாண்டு, இருபதாண்டு அலைந்து சாகவேண்டுமா?”

இதை நான் ஏளனம் செய்யமாட்டேன். நீதிமன்றமொன்றில் எழுத்தராக வாழ்நாளைக் கழித்தவன் நான். கட்டுச்சோற்றோடு வந்து, வாய்தா வாங்கிக்கொண்டு, கடைசிப் பேருந்தில் திரும்பிப்போன கைம்பெண்களின் முகங்கள் இன்றும் கண்ணில் நிற்கின்றன. தாமதம் அநீதியே. ஆனால் அந்த அநீதிக்கு மருந்து என்ன என்பதை, உண்மையாகவே வதைபட்டவர்களிடம் கேட்போம்.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைக்கிராமம். 1992 ஜூன் 20ஆம் நாள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவலரும் வருவாய்த்துறையினரும் ஊருக்குள் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், ஆண்களையும் பெண்களையும் அடித்தனர், பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தனர். பழிவாங்க இதைவிடக் காரணம் எவருக்கு இருக்க முடியும்? ஆனால் அந்தப் பழங்குடி மக்கள் அரிவாளைத் தேடவில்லை. சாட்சி சொல்லும் துணிவைத் தேடினர். இடதுசாரி இயக்கத்தினரும் வழக்கறிஞர்களும் துணை நின்றனர். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! அந்தக் காலக் கணக்கைப் பார்த்து நான் வெட்கப்படுகிறேன். ஆயினும் எண்ணிப் பாருங்கள். ஒருவன் ஆயுதம் எடுத்து நாலு பேரைச் சாய்த்திருந்தால், 269 பேரின் குற்றமும் ஆவணத்தில் ஏறியிருக்குமா? பாதிக்கப்பட்ட பெண்களின் சொல் உண்மை என்று அரசே ஏற்கவேண்டிய நாள் வந்திருக்குமா? பழி ஆளைக் கொல்லும், உண்மையை நிலைநாட்டாது.

தாமதத்தின்மீது நமக்குக் கோபம் இருந்தால், அந்தக் கோபம் போக வேண்டிய இடங்கள் பல. காலியாகக் கிடக்கும் நீதிபதிப் பணியிடங்களைக் கேட்கலாம். சாட்சி சொல்ல அஞ்சுபவருக்குத் துணையாக நடந்து போகலாம். ஏழையின் வழக்குக்கு இலவசமாக நிற்கும் வழக்கறிஞர்களை ஒவ்வொரு பங்கிலும் தேடிச் சேர்க்கலாம். இவற்றில் எதையும் செய்யாமல், மூன்று மணிநேரக் கைதட்டலில் நம் கோபத்தைத் தீர்த்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். பழிவாங்கும் கதைகள் நம்மை வீரர்களாக்குகின்றன என்று நினைக்கிறோம்; அவை நம்மைச் சோம்பேறிகளாக்குகின்றன.

“கண்ணகி பிறந்த மரபல்லவா நம்முடையது?” என்று கேட்பவரும் உண்டு. ஆம், கண்ணகி பிறந்த மரபுதான். அவள் வழக்கு என்ன என்று சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லைக் கேட்டு, ஆராயாமல், கோவலனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரப் பாண்டியன் ஆணையிட்டான். அந்தப் பொற்கொல்லனே உண்மையான கள்வன். விசாரணையின்றி ஓர் உயிரைக் கொன்றதே கண்ணகியின் முறையீடு. அவள் நேரே தீயை எடுக்கவில்லை. அவைக்குப் போனாள், வழக்குரைத்தாள், சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். தன் தவறு தெளிந்ததும் மன்னன் உயிரே போயிற்று. மதுரை எரிந்தது அதற்குப் பின்புதான்; அதிலும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கவே அவள் சொன்னாள். விசாரணையற்ற கொலைக்குக் கைதட்டுபவன் கண்ணகியின் பக்கம் நிற்கவில்லை. கோவலனை வெட்டிய காவலனின் பக்கம் நிற்கிறான். கள்வனே கைகாட்டிவிட்ட பொற்கொல்லன் கதையும், கொலைக்கு உடன் வந்தவனே எழுதிய கடிதத்தின் கதையும் எவ்வளவு நெருங்கியவை! நம் ஆத்திரத்துக்கு ஆள் காட்டுபவன் யார், அவனுக்கு என்ன ஆதாயம் என்று கேட்க இளங்கோவடிகள் அன்றே கற்றுத் தந்தார்.

நம் திருமறையும் இதே இடத்தில்தான் நம்மை நிறுத்துகிறது. தொடக்க நூலில் இலாமேக்கு எழுபத்தேழு மடங்கு பழி என்று பெருமை பேசினான். மன்னிப்புக்கு எல்லை கேட்ட பேதுருவுக்கு ஆண்டவர் அந்தப் பழைய கணக்கையே தலைகீழாக்கி விடை தந்தார். அதே பேதுரு கெத்சமனியில் வாளை உருவியபோது காதறுந்தவன் தலைமைக் குரு அல்லன்; மால்கு என்ற ஒரு பணியாள். பழியின் வாள் பெரும்பாலும் இப்படித்தான், பக்கத்தில் நிற்பவன்மீதே விழுகிறது.

மன்னிப்பு கோழைத்தனம், மன்னித்தால் குற்றவாளி தப்பிவிடுவான் என்பார் உண்டு. அருட்சகோதரி ராணி மரியாவின் வரலாறு நமக்குத் தெரிந்ததே. 1995 பிப்ரவரி 25ஆம் நாள் மத்தியப் பிரதேசத்தில் ஓடும் பேருந்தில், ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்திக்குத்துகளால் கொல்லப்பட்டார். கொன்ற சமந்தர் சிங்குக்கு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சட்டம் தன் கடமையைச் செய்தது. 2002இல் ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கை சகோதரி செல்மி பால் சிறைக்குச் சென்று, அந்தக் கொலையாளியின் கையில் ராக்கி கட்டி அண்ணன் என்று ஏற்றார். 2006இல் அவர் விடுதலையானார். 2017இல் இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார். இங்கே மன்னிப்பு சட்டத்தைத் தடுக்கவில்லை; சட்டமும் மன்னிப்பைத் தடுக்கவில்லை. பழிக்கு மட்டுமே இங்கு இடமில்லாமல் போயிற்று. இந்த வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் ஒரு பக்கமாகப் படித்துவிட்டு, அன்று மாலையே என்கவுண்டர் காட்சிக்கு விசிலடிப்பது நமக்கு உறுத்தவில்லை என்றால், படித்தது உள்ளே இறங்கவில்லை என்றே பொருள்.

2024 அக்டோபரில் ‘வேட்டையன்’ வந்தது. 1985இல் துப்பாக்கி ஏந்திய அதே ரஜினிகாந்த், இம்முறை என்கவுண்டரில் பேர்பெற்ற காவல் அதிகாரி. அவசரத்தில் குற்றமற்ற ஓர் இளைஞனைச் சுட்டுவிட்டதை அந்த அதிகாரி பிறகு உணர்கிறார். மாடிப் பிள்ளைகளோடு சென்று பார்த்தேன். அந்த இளைஞன் சுடப்பட்டபோது அரங்கம் அதிரக் கைதட்டியது. உண்மை தெரிந்தபோது அரங்கம் அமைதியானது. அருகில் இருந்த மாணவன் என் பக்கம் திரும்பி, “நானும் தட்டிட்டேன் சார்” என்றான். நாற்பது ஆண்டுகளாக நான் வாய்விட்டுச் சொல்லாததை அவன் அந்த இருட்டிலேயே சொல்லிவிட்டான்.

வீடு திரும்பும் வழியில் அவனே மற்றொன்றும் கேட்டான்: “உங்க வீட்டுல இப்படி ஒண்ணு நடந்தா என்ன சார் பண்ணுவீங்க?” நான் நல்லவன்போல் நடிக்கவில்லை. “எனக்கே தெரியாது, தம்பி. நானும் அரிவாளைத் தேடலாம். அதனால்தான் தீர்ப்புச் சொல்லும் வேலையை என் கையில் கொடுக்காமல், அழாத ஒருவர் கையில் கொடுத்திருக்கிறார்கள்” என்றேன்.

பெற்றோரே, பிள்ளைகளின் கையிலிருந்து திரையைப் பிடுங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. தடையால் பார்வை திருந்தாது. அருகில் அமர்ந்து பாருங்கள். இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். இந்தக் கடிதத்தை எழுதியவன் யார்? கோர்த்தேயோ என்ன தவறு செய்தான்? அடுத்த முறை ஒரு ‘மோதல் சாவு’ச் செய்தி கைப்பேசியில் வரும்போது, பிறருக்கு அனுப்புவதற்கு முன் அதே இரண்டு கேள்விகளை நம்மிடமும் கேட்டுக்கொள்வோம்.